ஹூரியா படுத்திருந்த குளிர்காலம்

வைரோவா ஆற்றின் இரண்டு கரையிலும் ஹூரியாவைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் ஒரு சிரிப்பு வரும். பிறகுதான் பதில் வரும்: "யாரு, கொட்டகையில கத்தினாளே, அவளா?"

அவளேதான். ஆனால் அப்படிக் கத்துவதற்கு முன்னால் வருஷக்கணக்கில் வாயே திறக்காமல் இருந்தாள் என்பதை இவர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள். ஊருக்குக் கத்தல்தான் ஞாபகம் இருக்கும். மௌனத்தை எவன் ஞாபகம் வைத்துக்கொள்கிறான்?

ஹூரியா மாஹியாக் கடற்கரையில் பிறந்தவள். இருபது வயதில் ஹேஸ்டிங்ஸ் நகரத்துத் துணிக்கடை ஒன்றில் வேலை பார்த்தாள். அங்கே ஒரு நர்ஸ் பிடித்து உட்காரவைத்துப் பரிசோதனை செய்ததில், கர்ப்பப்பை வாயில் கெட்ட அணுக்கள் இருக்கின்றன, இப்படியே விட்டால் ஒருநாள் புற்றுநோயாகும் என்று தெரிந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்து, அந்த வாயிலிருந்து கூம்பு போல ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள். இன்றைக்கு வெட்டுவதைவிட அப்போதெல்லாம் ஆழமாகத்தான் வெட்டுவார்கள். உயிர் பிழைத்தது, அதில் சந்தேகமில்லை. கிளம்பும்போது டாக்டர், "பின்னாடி குழந்தை உண்டானா இதைப் பத்தி மறக்காம சொல்லணும்மா" என்றார். இருபது வயதுக்காரிக்குப் பின்னாடி என்ன, முன்னாடி என்ன! தலையை ஆட்டிவிட்டு பஸ் ஏறினாள். கேட்டவர்களிடம் குடல்வால் ஆபரேஷன் என்றாள். அம்மா ஒருத்திக்குத்தான் உண்மை தெரியும். அந்த அம்மாவும் அடுத்த வருஷமே போய்ச் சேர்ந்தாள்.

ரேவியை அவள் ரக்பி மைதானத்தில் பார்த்தாள். எல்லோர் கண்ணும் பந்தின் பின்னால் ஓட, இவள் கண் மட்டும் அவன் பின்னால் ஓடியது. ரேவி அதிகம் பேசாதவன். அவன் பங்குக்கும் சேர்த்துப் பேச அவனுடைய அம்மா மாக்கெரே இருந்தாள். ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கோஷ்டி ஒன்றை அவள் கணவன் சாகும்போது விட்டுப் போனான். அவனைவிட நன்றாக அதை அவள் நடத்தினாள். கோஷ்டியில் எல்லோரும் மாவோரிகள், அந்த மண்ணின் ஆதிகுடிகள்; எப்படிச் சுற்றிப் பார்த்தாலும் எல்லோரும் சொந்தம். ஆகவே எல்லோருக்கும் அவள் அத்தை. ரேவியைக் கட்டிக்கொண்டதும் ஹூரியாவுக்கும் அவள் அத்தையானாள், கூடவே முதலாளியும் ஆனாள். மாமியாரும் முதலாளியும் ஒரே ஆளாக வாய்த்தால் எப்படி இருக்கும் என்று சொல்லித் தெரியவேண்டியதில்லை.

ஆனாலும், அந்த நாட்கள்! இப்போது நினைத்தாலும் ஹூரியாவின் மூக்கில் கம்பளியின் பிசுபிசுத்த வாசம் ஏறும். விடிவதற்குள் வேன் வந்து வாசலில் ஹாரன் அடிக்கும். பண்ணையின் கத்தரிப்புக் கொட்டகையில் ஆண்கள் ஆட்டை இழுத்து மடக்கி மின்கத்தரியை ஓட்டுவார்கள். கம்பளி ஒரே போர்வையாகக் கழன்று விழும். அதை வாரியெடுத்து மேஜைமேல் வீசி விரிப்பதும், அழுக்கு ஓரங்களைக் கிள்ளி எறிவதும் பெண்களின் வேலை. வீசத் தெரிந்தவள் வீசினால், படுக்கை விரிப்பு மாதிரி மெல்லக் காற்றில் நின்று இறங்கும். ஹூரியாவுக்கு அது சீக்கிரமே கைவந்தது. மாலையில் பண்ணையின் தங்கும் விடுதி. ஒரே கூடத்தில் வரிசையாக மெத்தைகள், பன்றி எலும்பும் பூஹாக் கீரையும் கொதிக்கிற பானை, பொரித்த ரொட்டிமேல் வழிகிற சர்க்கரைப் பாகு, ஒரு கித்தார், இருக்கிற தொண்டைகளெல்லாம் சேர்ந்து ஒரு பாட்டு. எந்தக் குறட்டை யாருடையது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். அந்தக் கூடத்தில் ரகசியம் என்பது தங்காத சரக்கு. ஹூரியாவின் ரகசியம் மட்டும் தங்கியது.

அது தங்கியதற்குக் காரணம் மாக்கெரேயின் நாக்குதான். ஒருநாள் சாப்பாட்டுக்கு முன்னால், வேறொரு கோஷ்டியில் ஒருத்திக்கு இதே ஆபரேஷன் நடந்ததாகப் பேச்சு வந்தது. புகையிலையைத் தாளில் சுருட்டிக்கொண்டே மாக்கெரே சொன்னாள்: "கண்ட படுக்கையில புரண்டவளுக்குத்தான் அங்க கத்தி வைப்பாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அத்தை நகைச்சுவை சொன்னால் சிரித்துத்தான் ஆகவேண்டும். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த ஹூரியாவும் சிரித்தாள். அந்தக் கெட்ட அணுக்களை உண்டாக்குவது ஒரு கிருமி, ஒரே ஒருவனோடு வாழ்ந்தவளுக்கும் அது வரும் என்பது இன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். அன்றைக்கு அதை எடுத்துச் சொல்ல அந்தக் கூடத்தில் யாரும் இல்லை.

கோஷ்டிக்கு இன்னொரு பெருமையும் இருந்தது. வயிற்றுப்பிள்ளைக்காரிகள் வலி எடுக்கும்வரை கொட்டகையில் நிற்பார்கள். "காலையில கம்பளி வீசினேன், மத்தியானம் ரேவியைப் பெத்தேன், சாயங்காலம் வேலை எதுவரைக்கும் வந்துச்சுன்னு ஆள் அனுப்பிக் கேட்டேன்" என்பாள் மாக்கெரே. பாதி பொய்தான். ஆனால் அந்தப் பாதிப் பொய்யை நம்பித்தான் ஒரு தலைமுறைப் பெண்கள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு மூட்டை தூக்கினார்கள்.

முதல் பிள்ளை உண்டானபோது ஹூரியாவும் அப்படியே நின்றாள். உள்ளூர் மருத்துவ நிலையத்துக்குப் போனாள். முன்னால் ஏதாவது ஆபரேஷன் நடந்திருக்கிறதா என்று கேட்டார்கள். கேட்டவள் யார்? மாக்கெரேயின் தங்கை மகள். அவள் காதில் போட்டால் மாலைக்குள் ஆற்றுக்கு அக்கரையிலும் கேட்கும். "குடல்வால்" என்றாள் ஹூரியா.

ஐந்தாம் மாதம், கோடைக் கத்தரிப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. அடிவயிற்றில் ஒரு கனம், இடுப்பில் மந்தமான வலி. வேலைக் களைப்பு என்று நினைத்தாள். பிரசவ வலியென்று சொல்லும்படி ஒன்றுமில்லாமலே கர்ப்பப்பை வாய் திறந்துகொண்டது. பையன். இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிறவன். கொஞ்ச நேரம் மூச்சு இருந்தது. ரேவி தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். பிறகு மூச்சு இல்லை. குடும்ப இடுகாட்டுக் குன்றில் பாட்டுப் பாடி அடக்கம் செய்தார்கள். மாக்கெரே தொண்டை கட்டும்வரை அழுதாள். மறுவாரம், "அடுத்தது தங்கும். எழுந்திரு, வேலைக்கு வா. சும்மா கிடந்தா மனசு உன்னைத் தின்னுரும்" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். அவளுக்குத் தெரிந்த ஆறுதல் அதுதான்.

வேலைக்குத் திரும்புவதற்கு முன் ஹூரியா கிஸ்பர்ன் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே மேஜைக்குப் பின்னால் சொந்தக்காரி யாரும் இல்லை. டாக்டர் மெல்ரோஸ் என்ற பெண்மணியிடம் முதல்முறையாக உண்மையைச் சொன்னாள்.

"அந்த ஆபரேஷனைத் திட்டாதே, அது உன் உயிரைக் காப்பாத்திச்சு" என்றாள் டாக்டர். "ஆனா வெட்டினதுல வாய் குட்டையாயிடுச்சு. உள்ள பாரம் ஏற ஏற அதால தாங்க முடியல. எல்லாருக்கும் இப்படி ஆகுறதில்ல. உனக்கு ஆயிருக்கு. அடுத்த தடவை மூணு மாசம் முடிஞ்சதும் ஓடி வா. சுத்தி ஒரு தையல் போட்டு இறுக்கிடலாம். அப்புறம் பாரம் தூக்கக் கூடாது. வீட்டுல சொல்லிடு."

திரும்பி வரும் வழியில் ரேவியிடம் சொன்னாள். அவன் வண்டியை ஓரமாக நிறுத்தினான்.

"இதையா இவ்வளவு நாள் தனியா சுமந்தே?"

"உனக்குக் கோபமா?"

"உன்மேல இல்ல." வண்டியை மறுபடி கிளப்பினான். "அம்மாகிட்ட நான் சொல்றேன்."

"சொன்னே, அப்புறம் என்னை இந்த ஊர்ல தேடாதே."

அவன் சொல்லவில்லை. பேசாதவனிடம் ரகசியத்தைக் கொடுப்பதில் ஆபத்து அதுதான். பேச வேண்டிய இடத்திலும் பேசமாட்டான்.

மறுபடி உண்டானது. தையலும் போட்டாகிவிட்டது. கோஷ்டியிடம் பல் பிடுங்கப் போனதாகச் சொன்னாள். ஓய்வு கேட்டால் காரணம் சொல்ல வேண்டும், காரணம் சொன்னால் மானம் போகும். ஆகவே தையலோடு கொட்டகைக்கே திரும்பி வந்தாள். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் வெட்கம் என்று ஒன்று பிடித்துவிட்டால் மனிதர்கள் புத்தியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுகிறார்கள்.

ஜூன் மாதம், அந்த நாட்டுக் குளிர்காலம்; மழையில் குன்றெல்லாம் சேறாகக் கிடந்த ஒரு காலை. கொட்டகையில் கத்தரிகள் எல்லாம் ஒன்றாக இரைந்துகொண்டிருந்தன. பக்கத்தில் நிற்பவளிடம் துடைப்பம் கேட்பதானாலும் கத்தித்தான் கேட்க வேண்டும். கம்பளியை வாரித் தூக்கிய ஹூரியாவுக்கு அடிவயிற்றில் சுருக்கென்று இழுத்தது. பிறகு அந்தக் கனம். அவளுக்கு அது என்னவென்று தெரியும். அசையாமல் நின்றாள்.

"என்ன மகாராணி, நின்னுட்டே?" மேஜையின் மறுமுனையிலிருந்து மாக்கெரே கத்தினாள். "கம்பளி தானா நடந்து வருமா?"

"எனக்கு முடியல அத்தை!"

"என்னது?"

"முடியல!"

"ஒரு பல்லைப் பிடுங்கிட்டு இன்னுமா முடியல? நாங்கெல்லாம் பிள்ளையையே..."

ஹூரியா கம்பளியைத் தரையில் போட்டாள். கொட்டகையில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. ரேவி அதைப் பார்த்துவிட்டுத் தன் கத்தரியின் கயிற்றை இழுத்து நிறுத்தினான். முதலாளி மகன் நிறுத்தினால் யாருக்கோ அடிபட்டிருக்கிறது என்று மற்றவர்களும் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். ஹூரியாவுக்கு அது எதுவும் உறைக்கவில்லை. இரைச்சலுக்கு மேலே போட்ட குரலிலேயே, ஊசி விழுந்தால் கேட்கிற அமைதியில், கத்தி முடித்தாள்:

"பல்லு இல்ல அத்தை! கர்ப்பப்பை வாயை வெட்டிட்டாங்க! இருபது வயசுல! அதனாலதான் என் பையன் போனான், இதுவும் போயிரும்!"

வாசலில் நின்ற பண்ணைக்கார வெள்ளைக்காரர் தொப்பியைக் கழற்றினார். எதற்கென்று அவருக்கே தெரிந்திருக்காது. பாதி கத்தரித்த ஆடு ஒன்று பிடியிலிருந்து நழுவி, போர்வையை இழுத்துக்கொண்டு கொட்டகை முழுக்க ஓடியது. யாரும் அதைப் பிடிக்கப் போகவில்லை.

"ரேவி," என்றாள் மாக்கெரே, "வேனை எடு."

வேனில் மருமகளின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நெடுந்தூரம் போன பிறகு கேட்டாள்:

"ஒருநாள் விடுதியில நான் ஒரு பேச்சுப் பேசினேன். கண்ட படுக்கைன்னு. நீ அங்க இருந்தியா?"

"உருளைக்கிழங்கு உரிச்சிட்டிருந்தேன்."

"சிரிச்சியா?"

"சிரிச்சேன் அத்தை."

"என் நாக்கை அறுத்து நாய்க்குப் போடணும்" என்றாள் மாக்கெரே. கிஸ்பர்ன் வரும்வரை அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் அவ்வளவு தூரம் பேசாமல் வந்ததைப் பார்த்து ரேவிக்குத்தான் பயமாக இருந்தது.

தையல் தாங்கியிருந்தது. டாக்டர் மெல்ரோஸ் படம் போட்டு விளக்கினாள். மாக்கெரே கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள்.

"அதாவது, கம்பளி மூட்டைக்கு வாயைத் தைப்போமே, அந்த மாதிரி?"

"கிட்டத்தட்ட அப்படித்தான்."

"இழுத்துத் தச்சீங்களா? எங்க ஆளுங்க தச்சா கப்பலேறி லண்டன் போனாலும் பிரியாது. வேணும்னா ஒருத்தரை அனுப்பறேன்."

அன்றிலிருந்து படுக்கை. இன்றைய டாக்டர்கள் அப்படிப் படுத்தே கிடக்கச் சொல்வதில்லை; அதனால் பிள்ளை தங்குவதாக நிரூபணமில்லை என்கிறார்கள். அன்று சொன்னார்கள், ஹூரியா படுத்தாள். வீட்டில் தனியாக விட மாக்கெரேக்கு மனம் வரவில்லை. கோஷ்டி எங்கே போனாலும் ஹூரியாவின் மெத்தையும் வேனில் ஏறியது. விடுதிச் சமையலறையில், விறகடுப்புக்குப் பக்கத்தில், ராணி மாதிரி படுத்தாள். படுத்தபடியே காரட் சீவினாள், பட்டாணி உரித்தாள், கால்சட்டைகளுக்குப் பொத்தான் தைத்தாள். மாலையில் வேலை முடிந்து சேறும் ஈரமுமாக வருகிற ஒவ்வொரு ஆணும் வாசலில் தலையை நீட்டி, "பாப்பா உள்ளயா?" என்று கேட்பான். "உள்ளதான்" என்பாள். அதற்குப் பிறகுதான் பூட்ஸைக் கழற்றுவான்.

ஹூரியாவின் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான குளிர்காலம் வரவில்லை. ஓட்டுமேல் மழை, அடுப்பில் பானை, வயிற்றுக்குள் ஒரு உதை. ஒவ்வொரு உதைக்கும் ஒரு பயம், பயத்துக்குப் பின்னால் ஒரு நிம்மதி.

அந்த மெத்தையைத் தேடித் தன் ரகசியத்தோடு முதலில் வந்தவள் தெப்போரா. கோஷ்டியிலேயே கல்நெஞ்சக்காரி என்று பேர் வாங்கியவள். மெத்தை விளிம்பில் உட்கார்ந்து, அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "எனக்கும் வெட்டினாங்க. அப்புறம் மூணு பெத்தேன், ஒண்ணும் ஆகல. ஆனா யார்கிட்டயும் சொன்னதில்ல" என்றாள். பிறகு இன்னொருத்தி. அவளுக்குப் பரிசோதனையில் ஏதோ என்று சொல்லித் திரும்ப வரச் சொன்னார்களாம், அவள் போகவில்லை. "நாளைக்கே போ" என்றாள் ஹூரியா. அவள் போனாள். பிறகு ஹூரியா மாமியாரையே பிடித்துக்கொண்டாள்.

"நீங்க எப்ப கடைசியா போனீங்க அத்தை?"

"எங்க?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க."

"என் வாசலை ஒருத்தனும் எட்டிப் பார்க்க வேண்டாம். பத்திரமாத்தான் இருக்கு."

"அப்ப நானும் எழுந்து கம்பளி வீசப் போறேன்." போர்வையை விலக்கினாள்.

"படுடி!" என்று மாக்கெரே போட்ட அலறலில் அடுப்பருகே தூங்கிய பூனை விழித்தது. மறுவாரம் போனாள். திரும்பி வந்து மூன்று நாள் எல்லோரையும் திட்டினாள். ஆனால் கோஷ்டியில் அவளுக்குப் பிறகு போகாதவள் என்று ஒருத்தியும் இல்லை. அத்தையே போனபின் மற்றவளுக்கு என்ன கௌரவம்?

ஒன்பதாம் மாதம் தையலைப் பிரித்தார்கள். பிரித்ததும் பிள்ளை கையில் வந்து விழும் என்று ரேவி ஆஸ்பத்திரி வாசலிலேயே வண்டியை ஓடவிட்டுக் காத்திருந்தான். பிள்ளை வரவில்லை. ஒரு வாரம் போனது, இன்னொரு வாரமும் போனது. கடைசியில் வலி எடுத்தபோது பழைய வெட்டின் தழும்பு இறுகிக்கொண்டு திறக்க மறுத்தது. "சில பேருக்கு இப்படியும் ஆகும்" என்றாள் டாக்டர். நடைவழியில் செய்தி கேட்ட மாக்கெரே, "குளிர்காலம் பூரா மூடு மூடுன்னு அதட்டினோம். இப்ப அது நம்ம பேச்சைக் கேக்குது" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள், சுருட்டிய புகையிலையைப் பிரித்து மறுபடி சுருட்டினாள். டாக்டரின் விரல் அந்தத் தழும்பை மெல்ல நெகிழ்த்திவிட்டது. அதன்பிறகு நேரமாகவில்லை. பெண் குழந்தை, கொழுகொழுவென்று, ஊரைக் கூட்டுகிற குரலோடு. மிஹி என்று பேர் வைத்தார்கள்.

வெகுநாள் கழித்து, வேறு யாரோ பேச்சுவாக்கில் சொல்லித்தான் ஹூரியாவுக்கு ஒன்று தெரிந்தது. மலைக்கு அப்பால் பெரிய பண்ணை ஒன்று இருந்தது. மாமனார் காலத்திலிருந்து அந்தக் கத்தரிப்பு இவர்களுடையதுதான். ஆஸ்பத்திரிக்கு எட்டாத தூரம் என்று அந்த வருஷம் மாக்கெரே வரமுடியாது என்று சொல்லியிருக்கிறாள். வேறு கோஷ்டி போனது. பிறகு அந்தப் பண்ணை இவர்களுக்குத் திரும்பி வரவேயில்லை. ஹூரியா போய்க் கேட்டாள். "அந்தப் பண்ணையில குளியலறைத் தண்ணி எப்பவும் ஜில்லுன்னு இருக்கும். சனியன் விட்டுது" என்று மாக்கெரே பேச்சை முடித்துவிட்டாள்.

கோஷ்டி இப்போது இல்லை. குன்றுகளில் ஆட்டுக்குப் பதில் பைன் மரம் நட்டுவிட்டார்கள். ஹூரியா சில சமயம் பழைய விடுதி வழியாகக் காரில் போகும்போது வேகத்தைக் குறைப்பாள். கண்ணாடி உடைந்த சமையலறை ஜன்னல் தெரியும். இறங்கிப் பார்த்ததில்லை. உள்ளே யாரும் இல்லை என்பதைப் பார்க்க அவளுக்கு விருப்பமில்லை.

சில வருஷத்துக்கு முன் ஒரு கிறிஸ்துமஸ். மண்ணில் தோண்டிய குழியடுப்பில் வெந்த இறைச்சியும் குமாராக் கிழங்கும் ஆவி பறக்க மேஜைக்கு வந்தன. பழைய கோஷ்டியில் மிச்சமிருந்தவர்கள், அவர்கள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று கூட்டம். கொட்டகை இரைச்சலில் காது போன மாக்கெரே மேஜையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மிஹிக்கு அப்போது இருபத்தைந்து. வாய் நிறையக் கிழங்கோடு மேஜையின் அந்தக் கோடியிலிருந்து கூப்பிட்டாள்:

"அம்மா! என் டெஸ்ட்டுல ஏதோ இருக்காம். கர்ப்பப்பை வாயில கொஞ்சம் வெட்டணுமாம். அடுத்த மாசம். நீ கூட வர்றியா?"

"எவ்வளவு வெட்டுவாங்க?" என்று கேட்டது ஒரு சித்தப்பா.

"ரொம்பக் கொஞ்சம் சித்தப்பா. குழந்தை வேணும்னு சொல்லிட்டேன், பார்த்து வெட்டுறேன்னாங்க. அப்புறம் உண்டானா வாய் நீளத்தை அளந்துக்கிட்டே வருவாங்களாம்."

"என்ன சொல்றா அவ?" என்று மாக்கெரே காதில் கையை வைத்தாள்.

"கர்ப்பப்பை வாய் அத்தை!" என்று பாதி மேஜை சேர்ந்து கத்தியது.

"அவ்வளவுதானே? காருல எனக்கும் ஒரு இடம் வைங்க. அந்த கிரேவியை இந்தப் பக்கம் தள்ளு."

ஹூரியா எழுந்து சமையலறைக்குப் போனாள். பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பின்னாலேயே வந்த ரேவி பதறினான்.

"ஏன் அழறே? சின்ன விஷயம்தான், சரியாயிடும்னுதானே அவ சொல்றா."

"அதுக்கு அழல ரேவி" என்றாள் ஹூரியா. "அவ குரலைத் தாழ்த்தவே இல்ல, கவனிச்சியா?"